போய்ட்டு வந்த குரல்

செங்காட்டுப்புதூர் நான்காம் வீதியில் அறுபத்து நான்கு விசைத்தறிகளும் ஒரே நேரத்தில் நின்றது இதுவரைக்கும் மூன்று தடவைதான். மின்சாரம் போன வேளைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, மனிதர்கள் மனமறிந்து கைவைத்து நிறுத்தியதை மட்டும்தான் சேர்க்க வேண்டும். முதல் தடவை மாரியம்மன் தேர் வீதி முனையில் அச்சு முறிந்து சாய்ந்த அன்று. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் சாந்தாமணிக்காக. இத்தனைக்கும் சாந்தாமணி இருபத்து மூன்று வருசமாக அந்த வீதியில் குடியிருந்தும் ஒரு வீட்டு வாசலிலும் போய் நின்று ஒரு கரண்டி உறைமோர்கூடக் கேட்டறியாதவள்.

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவன் இறந்த பிறகு வீட்டிலிருந்த இரண்டு தறிகளையும் விற்றுவிட்டு, எதிர்வீட்டு அர்த்தநாரியின் பன்னிரண்டு தறிகளுக்கு, நாடாவில் போடுகிற நூல்குச்சியான தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு முன்னூற்றுப் பத்துத் தார். எண்ணிக்கொண்டே சுற்றுவாள், சுற்றாத நேரத்தில் வீதியில் போகிற சைக்கிள்களை எண்ணுவாள், சைக்கிள் போகாத நேரத்தில் கூரை ஓடுகளை எண்ணுவாள், ஓடுகள் எல்லாம் எண்ணி முடிந்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணிச் சரிபார்ப்பாள். பேச ஆளில்லாத நேரத்தில்தான் எண்ணுவாள், ஆனால் அந்த வீதியில் பேச ஆளில்லாத நேரம் என்பது நாள் முழுவதும், ஏனென்றால் தறிச்சத்தத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. அவசியமானதை உதடு பார்த்துப் புரிந்துகொள்வார்கள், அவசியமில்லாததைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

அவளுக்கு ஒரே மகள், தாரணி. கம்ப்யூட்டர் படித்து முடித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று நிறுவனங்கள் அவளைப் போனில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தன. முதல் ஆள், நீங்கள் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறீர்களா, இறங்கின பிறகு பேசலாம் என்றான். இரண்டாவது ஆள், உங்கள் ஊரில் மழை விட்டதும் கூப்பிடுகிறேன் என்றான், கூப்பிடவில்லை. மூன்றாவது ஆள், முதலில் அந்த ஹெலிகாப்டரிடமிருந்து தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வீதிக்கு அப்பால் சோளக்காட்டில் சத்தமில்லை, ஆனால் ஐந்து நிமிசத்துக்கு மேல் அங்கே சிக்னல் நிற்காது. நான்காவது அழைப்பு ஐந்தாம் தேதி புதன்கிழமை பதினொரு மணிக்கு என்று வந்தபோது, பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனம், முக்கால் மணி நேரம் கேள்வி கேட்பார்கள் என்று தாரணி சொன்னபோது, சாந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீதியில் இறங்கினாள்.

வீதியில் பத்தொன்பது வீடுகள். தறி இல்லாதவை இரண்டு, அவளுடையதும் இட்லி சுட்டு விற்கிற தங்காயியுடையதும். மீதிப் பதினேழு வீட்டுக்கும் போனாள். எப்படிக் கேட்பது என்று தெரியாததால் ஒவ்வொரு வாசலிலும் போய்ப் பேசாமல் நின்றாள். நான்காவது வீடு தாண்டுவதற்குள் விசயம் என்னவென்று வீதிக்கே தெரிந்துவிட்டது.

"எத்தனை நேரம் நிறுத்தோணும் சாந்தா?" என்றார் அர்த்தநாரி, உதட்டை நன்றாக அகட்டி.

"நாப்பத்தஞ்சு நிமிசமுங்ண்ணா."

"நாப்பத்தாறாவது நிமிசம் சுவிட்சு போட்ருவேன், ஆமா."

"நாப்பத்தாறுக்கு நானே வந்து சொல்றனுங்ண்ணா."

புதன்கிழமை பதினொன்றுக்கு இரண்டு நிமிசம் இருக்கும்போது தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அறுபத்து நான்காவது தறி நின்றதும் வீதிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தங்காயி தன் வீட்டுக் கடிகாரம் சத்தம் போடும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தாள். கடைசி வீட்டுக்காரர், "ஏனுங்க இத்தனை அமைதியா இருக்குது?" என்று வழக்கம்போல் கத்திக் கேட்க, வீதியே திரும்பிப் பார்த்தது, மனுசன் இத்தனை வருசமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்று புரிந்து வீட்டுக்குள் போய்விட்டார். மற்றவர்கள் சாந்தாமணி வீட்டு ஜன்னலுக்கு வெளியே கூடினார்கள். தாரணியின் போன் ஒருமுறை கஞ்சித் தொட்டியில் விழுந்ததிலிருந்து ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். அதனால் பெங்களூர்க்காரனின் குரல் எல்லோருக்கும் கேட்டது. மென்மையான, அவசரமில்லாத குரல். பேர் ரகுநந்தன் என்றது.

கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. சாந்தாமணி அடுக்களைக்குள் நின்று எண்ணினாள். ஒன்பது கேள்வி. எட்டுக்கு உடனே பதில் வந்தது. ஒன்பதாவதற்குத் தாரணி ஒரு நிமிசம் அவகாசம் கேட்டாள், ஒன்றரை நிமிசம் எடுத்துக்கொண்டாள், பிறகு சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவரும் மூச்சு விடவில்லை. கடைசியாக அந்தக் குரல், எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டது, தாரணி ஒன்றும் இல்லை சார் என்றாள். அப்புறம்தான் குரல் தமிழுக்கு மாறியது.

"நல்லதும்மா. முடிவை எச்.ஆர். சொல்லுவாங்க. அப்ப நான் போறேன்."

நாற்பத்து நான்கு நிமிசம் பொறுத்துக்கொண்டிருந்த சாந்தாமணிக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. நல்ல காரியம் பேசிய வாயால் போகும்போது போறேன் என்பதா? அவளுடைய கூச்சம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கையில் கரண்டியோடு ஓடி வந்து போனுக்கு மேலே குனிந்தாள்.

"தம்பி, தம்பி, போறேன்னு சொல்லாதீங்க சாமி. போய்ட்டு வாறேன்னு சொல்லுங்க."

தாரணி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் சிரித்தது.

"சரிங்கம்மா. போயிட்டு வரேன்."

அழைப்பு முடிந்தது. நாற்பத்தாறாவது நிமிசத்தில் சாந்தாமணி எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னாள், அறுபத்து நான்கு தறியும் ஓடத் தொடங்கியது.

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு அந்தக் குரல் வந்தது.

சாந்தாமணி காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணிக்குடத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஐந்தேகால் அடி உயரத்தில், ஆள் யாரும் இல்லாமல், "வந்துட்டேன்மா" என்றது. தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, இருந்தும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது, காதோடு வைத்துச் சொன்னதுபோல.

"வாங்க தம்பி," என்றாள் சாந்தாமணி. "சொன்ன மாதிரியே வந்துட்டீங்க." பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு டம்ளர் காப்பியை ஊற்றி அதன் முன்னால் வைத்தாள். அது குறையவில்லை, ஆனால் பக்கத்திலிருந்த அவளுடைய டம்ளரைவிடச் சீக்கிரமாக ஆறிவிட்டது. நூறு எண்ணுவதற்குள் குரலின் காப்பி பச்சைத் தண்ணி மாதிரி ஆகியிருந்தது, அவளுடையது இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. குடிக்கிறார் போல, குடிக்கிற விதம் வேறு, என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

பல் விளக்கிக்கொண்டே உள்ளே வந்த தாரணி வாயில் நுரையோடு நின்றாள். "அம்மா, இது நேத்து என்னை இண்டர்வியூ பண்ணுன சார் குரலு."

"ஆமா கண்ணு. சொல்லிட்டுத்தானே போனாரு."

தாரணி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பார்த்துக் கேட்டாள். "சார், என்னோட ரிசல்ட்டு?"

"அதை எச்.ஆர். சொல்லுவாங்க," என்றது குரல். "உங்களைப் பத்திச் சொல்லுங்க."

அது கேள்வி கேட்கத்தான் செய்தது. அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் அந்த வீதியில் தறிச்சத்தத்தை மீறிக் கேட்கிற ஒரே குரல் அதுதான் என்பதால், முதல் நாள் மத்தியானமே அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். அர்த்தநாரி அதைத் தன் தறிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். நீங்க என்ன செய்யறீங்க என்று அது கேட்டது. தறி ஓட்டறேன் என்றார். இன்னும் வேகமா ஓட்ட முடியுமா என்றது. முடியாது என்றார். ஏன் முடியாது என்றது. அர்த்தநாரி அரை மணி நேரம் யோசித்துவிட்டு, எங்கப்பன் இந்த வேகத்துல ஓட்டுனாரு என்றார். "நன்றி. எச்.ஆர். சொல்லுவாங்க," என்றது குரல். அன்று முதல் அர்த்தநாரி தன்னுடைய சொந்தத் தறிக்கூடத்துக்குத் தான் தேறினோமா இல்லையா என்று தெரியாமல் தூக்கம் கெட்டார்.

இட்லிக் கடைக்குப் போன குரல், ஒரே நேரத்துல பத்தாயிரம் பேர் வந்தா என்ன பண்ணுவீங்க என்று கேட்டது. நாளைக்கு நாற்பது பேர் வருகிற கடை. தங்காயி இட்லிக்கொப்பரையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், "உக்காரச் சொல்லுவேன்" என்றாள். அவளுக்கும் எச்.ஆர். சொல்வார்கள் என்றாகிவிட்டது. மாரியம்மன் கோயில் பூசாரியிடம், மணியை எதுக்கு மூணு தடவை அடிக்கறீங்க, ரெண்டு போதாதா என்று கேட்டது. பூசாரி மூன்று நாள் கழித்து வந்து, "மொதல் ரெண்டும் ஆத்தாளுக்கு, மூணாவது நானு முழிச்சிருக்கறதுக்கு" என்று ஒப்புக்கொண்டு போனார். அர்த்தநாரியின் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், உங்க பலவீனம் என்ன என்று கேட்டது; பையன் ஜிலேபியைக் கீழே வைத்துவிட்டு, காலையில் ஒன்பது மணிக்கு முன்னால் தன்னால் எழுந்திருக்கவே முடியாது என்று சொல்ல, பெண் வீட்டார் உண்மை பேசுகிற மாப்பிள்ளை என்று அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

ஆறு நாளில் பத்தொன்பது வீட்டிலும் நேர்காணல் முடிந்தது, மொத்தம் எழுபத்து ஒரு பேர். எழுபத்து ஒரு பேரும் எச்.ஆருக்காகக் காத்திருந்தார்கள். எச்.ஆர். என்பது யார், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை; வருகிறபோது வரட்டும் என்று வெள்ளிக்கிழமைப் பொங்கலில் ஒரு கரண்டி எடுத்து மூடி வைத்தார்கள்.

சாந்தாமணியிடமும் அது கேட்டது. எல்லோரையும் கேட்டு முடித்த பிறகு, ஒரு காலையில், அவள் தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது.

"நீங்க என்ன செய்யறீங்கம்மா?"

"தாருச் சுத்தறனுங்க தம்பி. நாளைக்கு முன்னூத்திப் பத்து."

"எண்ணும்போது தப்பு வந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"தப்பு வராதுங்க."

"நல்ல பதில்," என்றது. பிறகு, "ஏம்மா எண்ணிக்கிட்டே இருக்கீங்க?" என்றது.

அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. மாமியார் கேட்கவில்லை, புருசன் கேட்கவில்லை. அவள் இருபத்தாறு தார் சுற்றும்வரை யோசித்தாள். "எண்ணலீன்னா இந்தச் சத்தத்துக்குள்ள நானு இருக்கறனா இல்லையான்னு எனக்கே தெரியாதுங்க தம்பி," என்றாள். சொன்னபின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் குடத்துக்குப் பக்கத்துச் சுவரில், குரல் வருகிற உயரத்தில், கரிக்கட்டியால் ஒரு சின்னக் கோடு போட்டாள். காப்பியை அந்தக் கோட்டுக்கு நேரே வைப்பதற்காக.

பதினான்காம் தேதி தாரணி பெங்களூருக்குப் போன் செய்தாள். பேசினது ஒரு பெண். ரகுநந்தன் சாருக்கு ஐந்தாம் தேதியிலிருந்து குரல் போய்விட்டது, மருத்துவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று அவள் சொன்னாள். இருபதாம் தேதி பதினொரு மணிக்குப் போனில் கூட்டம் நடக்கும், ஒவ்வொரு நேர்காணல்காரரும் தான் பார்த்த ஆளைப் பற்றி வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்று தாரணி கேட்டதற்கு, கூட்டத்தில் குரல் கேட்காதவர் வரவில்லை என்று குறித்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம், அவர் வரவில்லையென்றால் உங்கள் பேரும் இல்லை என்றாள்.

தாரணி சோளக்காட்டுப் பக்கமிருந்து பேசிவிட்டு வந்து இதைச் சொன்னாள். சாந்தாமணி தார் சுற்றுகிற சக்கரத்தை நிறுத்தினாள். இருநூற்று எட்டு. அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது அன்றைய கணக்கு.

"நாந்தான் கண்ணு," என்றாள். "நாந்தான் அவர் வாயில அந்தச் சொல்லப் போட்டேன்."

"உடுங்மா. தெரிஞ்சா செஞ்சீங்க?"

"நீ எட்டுக் கேள்விக்கு டக்கு டக்குன்னு சொன்னே. ஒம்பதாவதுக்குக்கூடச் சொல்லிட்டே. நாந்தான் கரண்டியோட ஓடியாந்தேன்."

குரல் இங்கே இருக்கிறது என்று தாரணி சேதி அனுப்பியதும், பதினெட்டாம் தேதி ரகுநந்தனே வந்தான். முப்பத்திரண்டு வயதுக்குள் இருக்கும், ஒல்லியான ஆள், கழுத்தில் மப்ளர், கையில் ஒரு நோட்டு. வாசலில் நின்று வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. சாந்தாமணி அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிற்க வைத்துப் பார்த்தாள். கரிக்கோடு சரியாக அவன் உதட்டுக்கு நேரே இருந்தது.

"இவருதான்," என்றாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றது குரல்.

ரகுநந்தனின் கண் கலங்கிவிட்டது. நோட்டில் பரபரவென்று எழுதி, குரல் வந்த பக்கம் காட்டினான். குரலுக்குக் கண் இல்லை. அது மறுபடியும், அவசரமில்லாமல், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றது. அவன் மறுபடியும் எழுதினான். நான்கு பக்கம் எழுதினான்.

"ஏனுங்க சார்," என்றாள் தாரணி தயங்கித் தயங்கி, "நானு பாஸா இல்லைங்களா? நீங்களாச்சும் சொல்லுங்க."

அவன் நோட்டில் ஒரே வரி எழுதிக் காட்டினான். அதை எச்.ஆர். சொல்லுவாங்க.

அர்த்தநாரிக்கு ஒரு யோசனை வந்தது. உடம்பு எதற்கு, குரலே கூட்டத்தில் பேசட்டுமே என்றார். பத்தொன்பதாம் தேதி ஒத்திகை பார்த்தார்கள். தாரணி பெங்களூர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, போனைக் குடத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். எடுத்தது முன்வாசலில் உட்கார்ந்திருக்கிற காவல்காரர். குரல் அவரை இருபது நிமிசம் நேர்காணல் செய்து, எச்.ஆர். சொல்லுவாங்க என்று முடித்தது. காவல்காரர் இரண்டு தடவை நன்றி சொல்லிவிட்டு வைத்தார். கேட்பதெல்லாம் குரலிடம் இருந்தது, சொல்ல வேண்டியதெல்லாம் உடம்பிடம் தங்கிவிட்டது. இரண்டும் ஒன்று சேராமல் ஒன்றும் நடக்காது.

சேர்த்து அனுப்புவதற்கு வீதி ஐந்து தடவை முயன்று பார்த்தது. ரகுநந்தனைப் பஸ்ஸில் ஏற்றி, குரலை அவன் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லி, வீதியே போய் நின்று வழியனுப்பியது. பஸ் கிளம்பும், எல்லோரும் கையசைப்பார்கள், எல்லோரும் வாய்நிறையச் சொல்வார்கள்: "போய்ட்டு வாங்க தம்பி!" பஸ் சோளக்காட்டு வளைவு திரும்புவதற்குள் குரல் குடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, "வந்துட்டேன்மா" என்னும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ரகுநந்தன் நடந்து திரும்பி வருவான். ஐந்தாவது தடவை வந்தபோது அவனுடைய செருப்பு அறுந்திருந்தது.

விசயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. யாராவது ஒருவர் போ என்று மட்டும் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த ஒரு ஆளைப் பார்த்து அப்படிச் சொல்கிற வாய் அந்த வீதியில் இல்லை. அர்த்தநாரி தறிக்கூடத்துக்குள் போய்த் தனியாகப் பழகிப் பார்த்தார்.

"போங்க," என்றார். அடுத்த மூச்சில், அவரை அறியாமல், "போய்ட்டு வாங்க" என்றார்.

"நீ சொல்லு பாக்கலாம்," என்றார் தங்காயியிடம்.

"நாய்கிட்டக்கூட நானு அப்பிடிச் சொன்னதில்ல," என்றாள் தங்காயி. "அப்புறம் வாடான்னுதான் சொல்லுவேன்."

பூசாரி, நான் சொன்னால் ஆத்தாள் எழுந்து போய்விட்டாலும் போய்விடுவாள் என்று பின்வாங்கினார். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இருபதாம் தேதி காலையில் சாந்தாமணி மறுபடியும் வீதியில் இறங்கினாள். பதினேழு வீடு. இந்தத் தடவை எத்தனை நேரம் என்று யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்குத் தறிகள் நின்றன. பத்து பத்துக்குப் பஸ், குரல் கூடிவிட்டால் பதினொரு மணிக் கூட்டத்தில் வழியிலிருந்தே பேசிவிடலாம். ரகுநந்தன் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் பக்கத்தில் வெறும் சீட்டு. காலையில் அந்தக் குரலுக்குக் காப்பி வைத்திருந்தாள்; அது வழக்கம்போல் சீக்கிரம் ஆறியது; இன்னைக்கு எத்தனை சுத்துனீங்கம்மா என்று அது கேட்டிருந்தது, இன்னும் ஆரம்பிக்கலீங்க தம்பி என்று அவள் சொல்லியிருந்தாள். இனி அதைக் கேட்க ஆளில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தான். சாந்தாமணி ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, வெறும் சீட்டைப் பார்த்து, வீதியே கேட்கச் சொன்னாள்.

"போங்க தம்பி."

சொன்ன உடனே மீதிச் சொல் தொண்டைக்குள்ளிருந்து மேலே ஏறி வந்தது. இத்தனை வருசம் வந்த வழியிலேயே வந்தது. நாக்குவரைக்கும் வந்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் கிளம்பியது. வளைவுக்கு நான்கு நிமிசம். அவள் மனதுக்குள் எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்று. வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற அவளைப் பார்த்து அர்த்தநாரி தன் வாயைப் பொத்தினார். தங்காயி பொத்தினாள். பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பொத்தினார். குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். அறுபத்து நான்கு தறிகள் நின்ற வீதியில், எண்பத்து ஒன்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நூற்றெண்பது. இருநூறு. இருநூற்று முப்பத்தெட்டில் பஸ் வளைவில் திரும்பியது. இருநூற்று நாற்பத்து ஒன்றில், அவ்வளவு தூரத்திலிருந்து, அந்த அமைதியில், ஒரு ஆண் இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு அதே ஆள் ஹலோ ஹலோ என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிற சத்தம்.

தாரணி அம்மாவின் கையைப் பிடித்து வாயிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். கன்னத்தில் பத்து விரலும் பதிந்திருந்தன.

இருபத்தைந்தாம் தேதி போன் வந்தபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தாரணி போனைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது வீட்டையும் தாண்டிச் சோளக்காட்டுக்கு ஓடினாள். வாசலில் நின்ற சாந்தாமணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகள் தலையாட்டுவது தெரிந்தது. பிறகு அவள் குதித்தாள். ஒன்று, இரண்டு. இரண்டு தடவை. பின்னாலேயே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிய அர்த்தநாரி, "எச்.ஆருங்களா? எனக்கு என்னாச்சுன்னு கேளு அம்மிணி!" என்று கத்தினார். அந்த வீதியிலிருந்து ஒரு பேர்தான் பட்டியலில் இருக்கிறது என்று பதில் வந்தது. அர்த்தநாரி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, தேறாமலேதான் ஓட்டறேன்" என்று சுவிட்சைப் போட்டார். தங்காயி மட்டும் இன்னும் நம்பிக்கை விடவில்லை. பத்தாயிரம் பேருக்கு உட்கார இடம் வேண்டுமென்று கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறாள்.

ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும். முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பத்து பத்துப் பஸ். அந்த ஐந்து நாளும் சாந்தாமணி தார் சுற்றிக்கொண்டே ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் அது தெரியாது, ஆனால் மூன்றாம் நாள் காலையில் தாரணி குடத்தில் தண்ணி மொண்டபோது, சாந்தாமணி அவள் தலைக்குப் பின்னால் கையை நீட்டி, அவள் உதட்டு உயரத்துக்குச் சுவரில் இன்னொரு கோடு போட்டிருந்தாள். தரையிலிருந்து நான்கடி எட்டங்குலம். பழைய கோட்டுக்கு ஏழங்குலம் கீழே.

பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்று தாரணி வாயைத் திறந்தாள். "அம்மா, போய்..."

சாந்தாமணி தன் கையால் மகளின் வாயைப் பொத்தினாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"அப்பிடிச் சொல்லாத கண்ணு. போறேன்னு சொல்லு."

தாரணி தலையை ஆட்டி மறுத்தாள். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அம்மாவின் கையை விலக்கினாள். "வாய் வரலீங்மா."

"சொல்லு. உங்குரலு இங்க வந்து என்ர குடத்துப் பக்கத்துல நின்னுட்டு, நீ அங்க ஊமையா உக்காந்திருக்கோணுமா?"

தாரணி அம்மாவைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். இரண்டு கோடு இருந்தது. இரண்டாவது கோட்டை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அது எதற்கு என்று அவளுக்கு விளங்கிவிட்டது என்பதைச் சாந்தாமணியும் பார்த்தாள், பார்த்துக் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போறேன்மா," என்றாள் தாரணி.

"போ," என்றாள் சாந்தாமணி, தரையைப் பார்த்தபடி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீதியிலிருந்தவர்கள் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு அவள் இரண்டு டம்ளரில் காப்பி கலந்தாள். ஒன்றைத் தனக்கு முன்னால் வைத்தாள். இன்னொன்றைக் கீழ்க்கோட்டுக்கு நேரே வைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நிதானமாக நூறு எண்ணினாள். பிறகு இதில் ஒரு விரலும் அதில் ஒரு விரலும் வைத்துப் பார்த்தாள். சந்தேகத்துக்குக் கையை மாற்றி வைத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

இரண்டும் ஒரே சூடு.

"நல்லது," என்றாள், தறிச்சத்தத்துக்குள், அவளுக்கே கேட்காமல். இரண்டையும் அவளே குடித்தாள்.